சென்னையில் மெடிக்கல் ஷாப் பார்மசிஸ்ட்: ஆள் அதிகமா, இடம் குறைவா?

கவுன்டர்_முனை

"டி.ஃபார்ம் (பார்மசி டிப்ளமா) முடிச்சவங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க, சென்னையில வேலையே இல்ல"ன்னு ஒரு பக்கம் பேச்சு. அதே தெருவுல மெடிக்கல் கண்ணாடியில "பார்மசிஸ்ட் தேவை"ன்னு ஒட்டின தாள் வெயில்ல வெளுத்துப்போய்த் தொங்குது. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி உண்மையாகும்? ரெண்டு வருஷப் படிப்பு, 500 மணி நேரப் பயிற்சி, இப்போ பார்மசிஸ்ட்டாப் பதிவு பண்றதுக்கு முன்னாடி எக்ஸிட் தேர்வு வேற. விளம்பரத்துல போடுற சம்பளம் 15 ஆயிரம், 18 ஆயிரம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. புலம்பல் வேண்டாம், கணக்கு போதும்.

112_மணி

அப்போ மணிக்கணக்குலயே ஆரம்பிக்கலாம். காலை 7-க்குத் திறந்து இரவு 11-க்கு மூடுற கடைன்னா நாளைக்கு 16 மணி நேரம், வாரத்துக்கு 112. மருந்து விதிகள் 1945-ல 65(2)-ஐப் படிங்க: டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கிறது பதிவு பெற்ற பார்மசிஸ்ட் கையால நடக்கணும், இல்லேன்னா அவர் நேரடி மேற்பார்வையில நடக்கணும். போன்ல மேற்பார்வை பார்க்கலாம்னு அதுல எங்கயும் இல்ல. தமிழ்நாடு கடைகள் சட்டத்துல ஒரு ஆளுக்கு வாரம் 48 மணி. 112-ஐ 48-ஆல வகுத்தா 2.33. லீவு, காய்ச்சல், தீபாவளி எல்லாம் சேர்த்தா ஒரு கடைக்கு மூணு பேர் வேணும்.

சுவத்துல தொங்குறது எத்தனை சான்றிதழ்? ஒண்ணு. அந்த ஒண்ணுக்குச் சொந்தக்காரர் சாயங்காலம் 6 மணிக்கு கடையில இருக்காரான்னு போய்ப் பாருங்க. ஊர்ல நிரம்பி வழியுறது சான்றிதழ்தான். கவுன்டருக்குப் பின்னாடி பாதி நேரம் காலி. உங்க கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான்.

கல்லாப்பெட்டி

112 மணி சார், உங்க வகுத்தல் சரி. மூணு பேருக்கு ஆளுக்கு 20 ஆயிரம்னா மாசம் 60 ஆயிரம். அது எங்கிருந்து வரும்? அதையும் வகுத்துக் காட்டுங்க. இல்ல, நானே போடுறேன்.

நாள் வியாபாரம் ₹20,000 ஓடுற நடுத்தரக் கடை. மாசம் எம்.ஆர்.பி. கணக்குல ₹6,00,000. மருந்துக்கு 5% ஜிஎஸ்டி உள்ளே இருக்கு (2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி 12%). அதைக் கழிச்சா ₹5,71,400. பாதி விலைக்கட்டுப்பாட்டு மருந்து, பாதி மத்ததுன்னு வைங்க. கட்டுப்பாட்டு மருந்துல 13.8%, மத்ததுல வழக்கமான 20%. சராசரி 16.9%. கைக்கு நிக்கிறது சுமார் ₹96,500.

இப்போ எதிர்க்கடையில "10% தள்ளுபடி" போர்டு வைக்கிறான். நீங்களும் வைக்கிறீங்க. வரவு ₹5,40,000, ஜிஎஸ்டி போக ₹5,14,300. சரக்கு வாங்கின விலை அதே ₹4,74,900. மிச்சம் ₹39,400. வாடகை, கரண்ட், பில்லிங் சாஃப்ட்வேர், எக்ஸ்பயரி நஷ்டம், டெலிவரி பையன் பெட்ரோல் எல்லாம் இதுக்குள்ளதான். மூணு பார்மசிஸ்ட் எங்க வைக்கிறது? ஒருத்தர் நின்னாலே முதலாளி வீட்டுக்கு வெறுங்கையோட போகணும்.

புது_ஆர்பி

அண்ணே, விலைக்கட்டுப்பாட்டு மருந்துல கடைக்காரருக்கு 16%னு படிச்சோமே, நீங்க 13.8 போட்டிருக்கீங்க?

கல்லாப்பெட்டி

நல்லாக் கேட்டே தம்பி. 2013 விலைக்கட்டுப்பாட்டு ஆணையில 16% இருக்கு, ஆனா அது கடைக்காரர் வாங்குற விலை மேல. ₹100-க்கு வாங்கி ₹116-க்கு விக்கிறோம். 16-ஐ 116-ஆல வகு. தள்ளுபடி கொடுக்கிறது 116 மேல. 10%ன்னா ₹11.60 போச்சு, நிக்கிறது ₹4.40. அதுல ஒரு ஸ்ட்ரிப் எக்ஸ்பயரி ஆனா அடுத்த இருபது ஸ்ட்ரிப்போட லாபம் அதுக்கே போயிடும். புதுசா கடை வைக்கிறவங்க முதல்ல வழுக்குற இடம் இது.

ஷெட்யூல்_பார்வை

இரண்டு கணக்கும் சரியாக இருப்பதுதான் சிக்கல். இதோடு ஆள் எங்கிருந்து இவ்வளவு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்லூரிகள் பெருகிவிட்டன என்று இந்திய பார்மசி கவுன்சிலே 2019-ல் முடிவெடுத்து, 2020-21 கல்வியாண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குப் புதுக் கல்லூரி வேண்டாம் என்றது. கல்லூரிகள் நீதிமன்றம் போயின. தொழில் நடத்தும் அடிப்படை உரிமையை வெறும் நிர்வாகத் தீர்மானத்தால் தடுக்க முடியாது, சட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. கதவு திறந்துகொண்டது.

அதே ஆண்டு வெளிவந்த எக்ஸிட் தேர்வு விதிமுறைதான் டிப்ளமா பக்கம் இப்போது இருக்கும் ஒரே வடிகட்டி. மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50%, மூன்றையும் ஒரே முயற்சியில் தேற வேண்டும். முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது. பி.ஃபார்ம் பட்டப்படிப்பு ஆட்களுக்கு இந்தத் தேர்வு இல்லை; அவர்களும் இதே கவுன்டருக்குத்தான் வருகிறார்கள். ஆறு வருடம் படித்த பார்ம்.டி. ஆட்களும் வருகிறார்கள். மேலே போக இடம் இல்லாதபோது படித்தவர்கள் எல்லாரும் கீழ்ப்படியில் வந்து நிற்பார்கள். சம்பளம் டிப்ளமா விலைக்கே முடிவாகிறது.

112_மணி

கல்லாப்பெட்டி அண்ணே, 39 ஆயிரத்துல கடை ஓடலைங்கிறது உண்மைதான். ஆனா ஓடிட்டுத்தானே இருக்கு? எப்படி ஓடுதுன்னு நீங்க சொல்லல. நானே சொல்லவா? எம்.ஆர்.பி.-யில பாதிக்கும் கீழ வாங்குற ஜெனரிக் சரக்கை, சீட்டுல எழுதின பிராண்டுக்குப் பதிலா தள்ளி ஓட்டுறாங்க. விதி 65(11ஏ) என்ன சொல்லுது? ஷெட்யூல் எச், எக்ஸ் (டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்துப் பட்டியல்கள்) மருந்து எழுதின சீட்டுக்கு வேற தயாரிப்பைக் கொடுக்கக்கூடாது, உள்ளே அதே மருந்து இருந்தாலும் கூடாது. இதைத் தடுக்க வேண்டிய ஆள்தான் பார்மசிஸ்ட். அதனாலதான் ஆளைக் கூப்பிடாம பேப்பரை மட்டும் கூப்பிடுறாங்க.

கல்லாப்பெட்டி

எல்லாக் கடையையும் ஒரே கயித்துல கட்டாதீங்க சார். பிராண்டு ஸ்டாக் இல்லேன்னா டாக்டருக்குப் போன் போட்டு, மாத்தி எழுதி வாங்குற கடையும் இருக்கு. கவுன்டர்ல நாலு பேர் நிக்கும்போது அதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு யார் காசு தர்றா? மருந்து விலைக்கு மேல ஒரு ரூபாய் "சேவைக் கட்டணம்" போட்டுப் பாருங்க, அப்படியே பையை வெச்சிட்டுப் போயிடுவாங்க.

மாத்திரை_அட்டை

சண்டையை அப்புறம் வைங்க. கேள்வி கேட்டவருக்கு உபயோகமா ஒண்ணு சொல்றேன். கூட்டத்துல ஒருத்தனைத் தனியா எடுத்துக் காட்டுறது சர்டிபிகேட் இல்ல, கவுன்டர்ல என்ன தெரியும்ங்கிறதுதான். நல்ல கடைக்காரர் இன்டர்வியூல ரெண்டு மூணு சீட்டை நீட்டுவார். பெரும்பாலும் தடுக்கி விழுற இடங்கள் இவை:

மெத்தோட்ரெக்சேட் 7.5. மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு ஒரு தடவை. சீட்டுல "1-0-0"ன்னு அவசரத்துல எழுதியிருந்தாலும் தினமும் கொடுத்து அனுப்பக்கூடாது. தினமும் போட்டா எலும்பு மஜ்ஜை அடங்கி உயிருக்கே ஆபத்து. எழுதினவரைக் கேட்டுட்டு, எந்தக் கிழமைன்னு கவர் மேல தமிழ்ல எழுதிக் கொடுக்கணும். ஃபோலிக் ஆசிட் கூட இருந்தா அது வேற கிழமை. ரெண்டும் மஞ்சள் மாத்திரையா அமைஞ்சிட்டா வீட்டுல மாத்திப் போட்டுக்குவாங்க. தனித்தனிக் கவர்ல போடுங்க.

இன்சுலின். நம்ம ஊர் இன்சுலின் வயல் (சின்ன பாட்டில்) பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், சிரிஞ்ச் சிவப்பு மூடி. பேனா கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சுல இழுத்தா ரெண்டரை மடங்கு உள்ளே போகும். 20 யூனிட் போட வேண்டியவருக்கு 50. "சிரிஞ்ச் ஒரு பாக்கெட் கொடுங்க"ன்னு கேட்டா, எந்த இன்சுலின்னு கேக்காம எடுத்துக் கொடுக்கிற ஆளை வெச்சிக்கக்கூடாது.

குழந்தைக்குப் பாராசிட்டமால். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை 150 மில்லிகிராம்னா, ஒரு மில்லியில 100 மில்லிகிராம் இருக்கிற சொட்டு மருந்துல 1.5 மில்லி, 5 மில்லியில 125 இருக்கிற சிரப்புல 6 மில்லி, 250 இருக்கிற சிரப்புல 3 மில்லி. சிரப் ஸ்டாக் இல்லேன்னு சொட்டு மருந்து பாட்டிலை நீட்டிட்டு "அதே அளவு கொடுங்க"ன்னு சொன்னா, 6 மில்லியில 600 மில்லிகிராம் போயிடும். நாலு மடங்கு. டாக்டர் எழுதினது மில்லியா மில்லிகிராமான்னு பார்த்துட்டுத்தான் பாட்டில்ல கை வைக்கணும்.

ஃபிரிட்ஜ். 2 முதல் 8 டிகிரி. தெர்மாமீட்டர் நடுத்தட்டுல இருக்கணும், கதவுல மாட்டக்கூடாது. காலையும் மாலையும் குறிச்சு வைக்கணும். இன்சுலினைப் பின்சுவத்தை ஒட்டி வெச்சா உறைஞ்சிரும். உறைஞ்சு உருகினது பார்வைக்கு நல்லாவே இருக்கும், வேலை செய்யாது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது ஐஸ் பேக்கை நேரா பாட்டில் மேல வைக்காம நடுவுல ஒரு அட்டையோ துணியோ வைக்கணும்.

அப்புறம் என் பேருக்கேத்த விஷயம், கட் ஸ்ட்ரிப். பத்துல நாலு கேட்டா, பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் அச்சடிச்ச முனை கடையில நிக்கிற மாதிரி எதிர்முனையிலிருந்து வெட்டணும். மாத்தி வெட்டினா மிச்சம் ஆறுக்கு அடையாளமே இல்ல. யாருக்கும் கொடுக்கவும் முடியாது, ஸ்டாக்கிஸ்ட் ரிட்டர்னும் எடுக்க மாட்டான். வாங்கிட்டுப் போறவருக்குப் பேரும் தேதியும் கவர்ல எழுதணும். கத்தரிக்கோல் பிடிக்கிற விதத்திலேயே அனுபவம் தெரிஞ்சிடும்.

புது_ஆர்பி

எச்1 ரெஜிஸ்டரும் (கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளோட விற்பனைப் பதிவேடு) கேப்பாங்களா?

மாத்திரை_அட்டை

கேப்பாங்க. 2014 மார்ச் 1-லிருந்து நடைமுறை. எழுதின டாக்டர் பேர், விலாசம், நோயாளி பேர், மருந்து, எண்ணிக்கை. தனி நோட்டு, மூணு வருஷம் வெச்சிருக்கணும். செஃபிக்ஸிம், டிபி மருந்து, அல்பிரசோலாம் எல்லாம் இதுல வரும். தப்பு எங்க நடக்கும்னா, நாள் பூரா வித்துட்டு ராத்திரி பில்லைப் பார்த்து மொத்தமா எழுதுவாங்க. பில்லுல டாக்டர் பேருக்கு "செல்ஃப்"ன்னு இருக்கும். அல்பிரசோலாம் வாங்கின பில், வித்த பில், அலமாரியில இருக்கிறது மூணும் ஒத்துப்போகலைன்னா இன்ஸ்பெக்டர் வேற எதையும் பார்க்கவே வேண்டியதில்ல.

தாம்பரம்_ஷிப்ட்

பெரிய செயின் கடையில சேர்றவங்களுக்கு ஒரு வார்த்தை: "சி.டி.சி. 20 ஆயிரம்" (கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு) என்பது கைக்கு வரும் 20 ஆயிரம் இல்லை. மொத்தச் சம்பளம் ₹18,000, அதில் அடிப்படை ₹12,000 என்று வைத்தால், உங்கள் பங்கு பி.எஃப். 12% ₹1,440, ஈ.எஸ்.ஐ. 0.75% ₹135. கைக்கு ₹16,425. கம்பெனி பங்கு பி.எஃப். ₹1,440, ஈ.எஸ்.ஐ. 3.25% ₹585. எல்லாம் சேர்த்தால்தான் அந்த 20 ஆயிரம். இதில் "இன்சென்டிவ்" என்று ஒரு தொகையை நுழைத்திருந்தால் அதையும் கழித்துப் பாருங்கள். சோப்பு, புரோட்டீன் பவுடர் விற்றால்தான் அது வரும்.

ஆனாலும் சிறு கடையில் 18 ஆயிரத்தை ரொக்கமாக வாங்குவதைவிட இது மேல். சர்வீஸ் எழுத்தில் இருக்கும், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கும். வளைகுடாப் பக்கம் போகிறவர்களிடம் அனுபவச் சான்றிதழைச் சரிபார்ப்பார்கள். ரொக்கச் சம்பளத்துக்கு என்ன அத்தாட்சி காட்டுவீர்கள்? ஷிப்ட் நேரத்தை மட்டும் ஆஃபர் லெட்டரில் பாருங்கள். "வேலைக்கேற்ப" என்று எழுதியிருந்தால் அது 12 மணி நேரம்.

கவுன்டர்_முனை

ஆன்லைன் வந்துதான் வேலை போச்சுன்னு சொல்றாங்களே?

ஷெட்யூல்_பார்வை

வேலை போனது என்பதைவிட இடம் மாறியது என்று சொல்லலாம். மின்-மருந்தக வரைவு விதி 2018 ஆகஸ்டில் வந்தது. அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டது, அடுத்த மாதமே அமர்வு அதை நிறுத்திவைத்தது. தெருக்கடையில் ஒரு சீட்டைப் பார்க்கிற ஆள், கிடங்கில் திரையில் வரிசையாகச் சீட்டுகளைப் பார்த்து "சரி", "தெளிவில்லை" என்று அழுத்திக்கொண்டிருப்பார். ஒரு பார்மசிஸ்ட்டுக்கு அங்கே ஓடும் பில் எண்ணிக்கை பல மடங்கு. அதனால் வியாபாரம் அங்கே போகிற வேகத்தில் ஆள் தேவை போவதில்லை. சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று மாதாமாதம் வாங்குபவர்கள்தான் முதலில் அங்கே போகிறார்கள். தெருக்கடைக்கு மிஞ்சுவது காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ராத்திரி பத்து மணி அவசரம். நிலையான வியாபாரம் போனால் நிலையான சம்பளம் கொடுக்க யாரும் துணிய மாட்டார்கள்.

கல்லாப்பெட்டி

இதுல மட்டும் நானும் அவரும் ஒரே கட்சி. மாசக் கணக்கு வாடிக்கையாளர் பத்துப் பேர் போனா கடையோட முதுகெலும்பு போன மாதிரி.

புது_ஆர்பி

அப்போ சொந்தமா மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போடலாமா?

தாம்பரம்_ஷிப்ட்

முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24-ல் 1,000 கடையோடு தொடங்கியது. டி.ஃபார்ம், பி.ஃபார்ம் படித்தவர்களுக்குத் தொழில்முனைவோர் பிரிவில் ₹3 லட்சம் மானியம். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் 20% லாபம், கையிருப்பு நிபந்தனையோடு மாத ஊக்கத்தொகை. எதுவானாலும் சில்லறை லைசென்ஸுக்கு 10 சதுர மீட்டர், அதாவது சுமார் 108 சதுர அடி வேண்டும். ஃபிரிட்ஜ் வேண்டும். படிவம் 20, 21 இரண்டும் வாங்க வேண்டும்.

20% பார்க்கப் பெரிதாகத் தெரியும். மாத்திரை விலையே குறைவு என்பதை மறந்துவிடாதீர்கள். மாதம் ₹40,000 நிற்க ₹2 லட்சம் விற்க வேண்டும், நாளைக்கு ₹6,700. ஒரு பில் ₹150 என்றால் தினம் 45 பேர். அரசு ஆஸ்பத்திரி வாசலிலோ பஸ் ஸ்டாண்டு பக்கமோ வரலாம். உள்தெருவில் வராது. நகரத்தில் வாசல் வாடகை அந்த 40 ஆயிரத்தில் பாதியைத் தின்றுவிடும். செங்கல்பட்டு தாண்டி, திருவள்ளூர் தாண்டி இடம் பார்த்தால் கணக்கு உட்காரும்.

112_மணி

அரசு வேலைக் கனவு இருக்கிறவங்களுக்கும் ரெண்டு வரி. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துல மருந்தாளுநர் பதவிக்கு அடிப்படைச் சம்பளமே ₹35,400. மேல 16,425 பார்த்தீங்க இல்ல, வித்தியாசம் புரியும். 2022-ல 889 இடத்துக்கு அறிவிப்பு வந்துச்சு. தமிழ்த் தகுதித் தேர்வுல 50-க்கு 20 எடுக்கலைன்னா மத்த தாளைத் திருத்தவே மாட்டாங்க. ஆங்கில மீடியத்துல படிச்ச பிள்ளைங்க நிறையப் பேர் இதை அசட்டையா விட்டுடுறாங்க. அறிவிப்பு வருஷா வருஷம் வராது. அதை நம்பி சும்மா உக்காராம, கவுன்டர்ல நின்னுக்கிட்டே படிங்க.

புது_ஆர்பி

கடைசியா ஒண்ணு. ஒரு கடையில "நீ வரவேண்டாம் தம்பி, சர்டிபிகேட் மட்டும் கொடு, மாசம் ஒரு தொகை தர்றோம்"னு கேக்கிறாங்க. வேற வேலைக்குப் போய்க்கிட்டே இதையும் வெச்சிக்கலாமா?

ஷெட்யூல்_பார்வை

கூடாது தம்பி. நல்லொழுக்கப் பேச்சாகச் சொல்லவில்லை, மாட்டுவது யார் என்று பார். லைசென்ஸில் இருப்பது உன் பெயர். நீ இல்லாத நேரத்தில் எட்டாவது படித்த பையன் மயக்க மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்றால், பில்லில் அச்சாவது உன் பதிவு எண். கடை லைசென்ஸை விதி 66-ன் கீழ் நிறுத்திவைப்பார்கள். முதலாளி மனைவி பெயரில் வேறு கடை திறப்பார். பார்மசி சட்டம் 1948, பிரிவு 36-ன்படி உன் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். அதன்பின் நீ எந்தக் கவுன்டரிலும் நிற்க முடியாது. 112 மணி சொன்ன அந்தக் காலி இடங்களை உண்டாக்குவதும் இந்தப் பேப்பர் வாடகைதான்.

புது_ஆர்பி

ஏற்கனவே கொடுத்தவங்க? ஃப்ரெண்டு ஒருத்தன் பேர் ஒரு கடையில இருக்கு. முதலாளி "அடுத்த ஆள் கிடைக்கட்டும்"னு இழுத்தடிக்கிறாராம்.

ஷெட்யூல்_பார்வை

முதலாளிக்காகக் காத்திருக்க வேண்டாம். பொறுப்பு பார்மசிஸ்ட் மாறினால் ஒரு மாதத்துக்குள் லைசென்ஸ் அதிகாரிக்குத் தெரிவிப்பது கடைக்காரர் கடமை; படிவம் 20-ன் நிபந்தனையிலேயே இருக்கிறது. அவர் தெரிவிக்கவில்லை என்றால் நண்பரே எழுதட்டும். கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு ராஜினாமா, அதன் நகலோடு அந்த மண்டல மருந்து கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம். அதில் கடைப் பெயர், லைசென்ஸ் எண், தன் பதிவு எண், எந்தத் தேதியிலிருந்து பொறுப்பில் இல்லை என்பது, இவ்வளவு போதும். காரணம் எழுத வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் அசல் சான்றிதழைக் கழற்றிக்கொண்டு வரச் சொல். கடை பில்லிங்கில் பார்மசிஸ்ட் பெயர் மாறிவிட்டதா என்று ஒரு பாராசிட்டமால் ஸ்ட்ரிப் வாங்கி, பில்லைப் பார்க்கச் சொல்.

மாத்திரை_அட்டை

தபால்ல மட்டும் விட வேண்டாம். நேர்ல ஒரு தடவை போய், கடித நகல்ல அலுவலக சீல் வாங்கிடச் சொல்லு. சீல்ல தேதி தெளிவா விழுந்திருக்கான்னு அங்கேயே பார்த்துக்கணும்; மங்கலா இருந்தா இன்னொரு தடவை குத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம்.